இருமலைப் பறிகொடுத்தவருக்குக் காவல்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரோடு இணைக்கப்பட்டிருப்பவரைக் கண்ணாடிக் கதவு வழியே பார்க்கும் உறவினர்கள், மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது என்று சற்று ஆறுதல் அடைகிறார்கள். இயந்திரம் காற்றைத் தள்ளும். சளியை வெளியே கொண்டுவராது. காற்று போவதற்காக வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் செலுத்தப்படும் குழாயோ நோயாளியின் இருமலைப் பறித்துவிடுகிறது.

நாம் இருமும்போது முதலில் மூச்சை ஆழமாக இழுக்கிறோம். பிறகு குரல்நாண்கள் ஒரு கணம் இறுக மூடிக்கொள்ள, மார்புத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குரல்நாண்கள் சட்டெனத் திறந்ததும் பாயும் காற்று சளியை அடித்துக்கொண்டு வருகிறது. குழாய் குரல்நாண்களுக்கு நடுவே கிடப்பதால் அவற்றால் மூட முடிவதில்லை. மூக்கையும் அது தாண்டிவிடுவதால், ஈரமூட்டப்படாத காற்று சளியைக் கெட்டியாக்கி, அதை மேலே தள்ளும் நுண்மயிரிழைகளையும் முடக்கிவிடும்.

தீவிர சிகிச்சை என்ற துறை பிறந்ததற்கே இந்தச் சிக்கல் ஒரு காரணம். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, விழுங்க இயலாத நோயாளிகள் தங்கள் எச்சிலிலும் சளியிலுமே மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, சளியை உறிஞ்சி எடுத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து அந்தப் பையை அழுத்தினார்கள். பையின் இடத்தைப் பின்னர் இயந்திரம் பிடித்துக்கொண்டது. உறிஞ்சும் வேலை இன்றும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது.

வார்டில் ‘சக்‌ஷன்’ எனப்படும் அந்த வேலையைக் கடிகாரம் பார்த்துச் செய்வதில்லை. மார்பில் கை வைத்தால் உணரப்படும் கரகரப்பும், வென்டிலேட்டர் திரையில் ரம்பப் பல்லைப் போல நடுங்கும் கோடும் சளி சேர்ந்திருப்பதைச் சொல்லிவிடும். முதலில் அரை நிமிடமாவது 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறது. உறிஞ்சுகுழாய், வாய்வழியே செலுத்தப்பட்டிருக்கும் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்குமேல் தடிமனாக இருந்தால், பக்கவாட்டில் காற்று நுழைய வழியின்றி நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கிவிடக்கூடும். உறிஞ்சாமல் உள்ளே செலுத்தி, உறிஞ்சிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். மொத்தமும் 15 நொடிக்குள் முடிய வேண்டும். அப்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு சட்டெனக் குறையக்கூடும் என்பதால், செவிலியரின் ஒரு கண் மானிட்டரிலேயே இருக்கும்.

குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி ஊதப்பட்டிருக்கும் சிறு காற்றுப்பையின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் நிற்க வேண்டும். குறைந்தால், மேலே தேங்கிய கிருமி நிறைந்த எச்சில் நுரையீரலுக்குள் கசியும். மிகுந்தால், மூச்சுக்குழல் சுவரின் இரத்த ஓட்டம் தடைபட்டுப் புண்ணாகும். வென்டிலேட்டரில் 48 மணி நேரத்துக்குப் பின் தோன்றும் நிமோனியாவுக்கு இந்தக் கசிவு முக்கியமான வழி. தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பதும், பல்லையும் நாக்கையும் நாள்தோறும் துலக்குவதும், விரிப்பு மாற்றப் படுக்கையைத் தாழ்த்தும்முன் வாயில் தேங்கியதை உறிஞ்சிவிடுவதும் இதனால்தான். தீவிர சிகிச்சையில் மிகக் குறைவாக மதிக்கப்படும் வேலை இந்த வாய்ப் பராமரிப்பு என்றே நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது முகம் கழுவிவிடுவதைப் போலத் தெரிகிறது.

படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும், உதட்டருகே குழாயின் சென்டிமீட்டர்க் குறி முன்பிருந்த எண்ணிலேயே நிற்கிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. சற்று உள்ளே நழுவினாலும் அது வலப்பக்கக் கிளைக்குள் இறங்கி, இடது நுரையீரலுக்குக் காற்று கிடைக்காமல் போகலாம்.

நோயாளி தேறிக் குழாயை எடுக்கும் நாள் நெருங்கும்போது, அவருடைய இருமலுக்கு வலு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வென்டிலேட்டர் இணைப்பைச் சற்று விலக்கி, குழாயின் வாயிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருமுங்க ஐயா, இன்னொரு தடவை” என்கிறார் செவிலியர். மூன்று நான்கு முறை இருமியதும் அவர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பி, அதில் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்.