தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும்

மனித உடம்பில் எலும்புகளோடு பிணைந்த தசைகள் 600க்கும் மேல். அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தள்ளத் தெரியாது. சுருங்கி இழுக்கும், பிறகு தளரும். வேறு வேலை தெரியாது. மட்டக்களப்பு வாவியில் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளுகிறவரின் கைக்குள்ளும் நடப்பது இழுப்புத்தான். மேற்கையின் பின்பக்கமுள்ள முத்தலைத் தசை சுருங்கி முன்கை எலும்பை இழுக்கிறது, அதனால் முழங்கை நிமிர்கிறது, கம்பு வாவியின் அடிமணலை உதைக்கிறது.

இழுத்த எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தசை வேண்டும். முழங்கையை மடக்க முன்பக்க இருதலைத் தசை, நிமிர்த்தப் பின்பக்க முத்தலைத் தசை. ஒன்று சுருங்கும்போது மற்றது தளரும்படி, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணே பார்த்துக்கொள்கிறது. நுணுக்கமான வேலைக்கு மட்டும் இந்த ஒழுங்கு மாறும். மருதமுனைத் தறியில் அறுந்த இழையை முடிகிறவரின் மணிக்கட்டில் இருபக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் இலேசாக இறுகி நிற்கும். அந்த இறுக்கந்தான் விரல் நடுங்காமல் காக்கிறது. அசையாமல் இருப்பதற்கும் தசைக்குச் செலவு உண்டு.

அடுத்தது கணக்கு. கதவொன்றைப் பிணைச்சலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள். விளிம்பில் ஒரு விரலால் முடிந்த வேலைக்கு அங்கே முழுப் பலமும் வேண்டியிருக்கும். நமது தசைகளில் பெரும்பாலானவை பிணைச்சலுக்குப் பக்கத்தில்தான் பிடித்திருக்கின்றன. இருதலைத் தசையை எலும்போடு கட்டும் நாண் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 4 சென்ரிமீற்றர் தள்ளி முன்கை எலும்பில் இணைகிறது. உள்ளங்கையோ 35 சென்ரிமீற்றர் தூரத்தில். முழங்கையைச் செங்கோணத்தில் மடித்து 5 கிலோ அரிசிப்பையை ஏந்தினால், 35ஐ 5ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க வேண்டும்: முன்கையின் சொந்த எடையை விட்டுவிட்டாலும் ஏறக்குறைய 44 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அதில் 39 கிலோ அளவு அமுக்கமாக மூட்டிலேயே இறங்குகிறது. கையில் இருப்பது 5 கிலோ என்பது கைக்கு மட்டுமான கணக்கு.

நட்டம்போலத் தெரியும் இந்த அமைப்பில் ஒரு இலாபம் இருக்கிறது. தசை 1 சென்ரிமீற்றர் சுருங்கினால் உள்ளங்கை கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர் நகரும், அதுவும் அதே நேரத்துக்குள். வீச்சு வலை காற்றில் வட்டமாக விரிவது இந்த வேகத்தால்தான். இடுப்பு திரும்பி, தோள் சுழன்று, முழங்கை நிமிர்ந்து, மணிக்கட்டு உதறும்போது ஒவ்வொரு மூட்டின் வேகமும் அடுத்த மூட்டில் ஏறுகிறது. தோளை மட்டும் நம்பி வலை வீசுகிறவருக்கு வலையும் விரியாது, தோளின் மேற்பக்க நாணும் நாளடைவில் எலும்பில் உரசி நோகத் தொடங்கும்.

வேகத்துக்காக அமைந்த உடம்பைப் பாரத்துக்குப் பயன்படுத்தும்போது முதலில் பழுதாவது முதுகு. முள்ளந்தண்டின் அடிப்பகுதியை நிமிர்த்தும் தசைகள், வளைவு நடக்கும் மையத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கின்றன. வயலில் குனிந்து, 50 கிலோ உரப்பையை அந்த மையத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்துத் தூக்கினால் முதுகுத் தசைகளின் இழுப்பு 500 கிலோ எடைக்குச் சமம். குனிந்த மேலுடம்பின் எடைக்கு வேறு தனியாக இழுக்க வேண்டும். இந்த அமுக்கம் முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள தட்டின் மீது விழுகிறது. பையை 25 சென்ரிமீற்றருக்கு நெருக்கினால் பைக்கான பங்கு சரிபாதியாகும்.

“முழங்காலை மடித்துத் தூக்கு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி சரி. அகலமான பை முழங்காலுக்கு முன்னால் கிடந்தால் காலை எவ்வளவு மடித்தாலும் தூரம் குறையாது. பையை முதலில் நெடுக்காக நிமிர்த்தி, இரு பாதங்களுக்கும் நடுவே கொண்டுவந்து, மார்போடு அணைத்து எழும்ப வேண்டும். திரும்பும்போது பாதங்கள் திரும்பட்டும், இடுப்பு முறுக வேண்டாம். பாரத்தோடு முறுகும் கணத்தில் தட்டின் வெளி நார்கள் கிழியக்கூடும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991ல் திருத்திய கணக்கு, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கக்கூடிய எல்லையை 23 கிலோ என்கிறது. நெல் மூடையை, சுமை தூக்கும் தொழிலாளரான நாட்டாமைகள் இருவர் தூக்கி மூன்றாமவரின் தலையிலோ பிடரியிலோ ஏற்றும் வழக்கம் அந்தக் கணக்குக்கு முந்தியது, ஆனால் கணக்குத் தெரிந்தது. பாரம் முள்ளந்தண்டுக்கு நேர்மேலே வந்துவிட்டால் முன்னோக்கிக் கவிழ்க்கும் விசை அநேகமாக இல்லாமல் போகிறது. சுமந்து நடப்பதைவிட நிலத்திலிருந்து எடுப்பதே அதிக ஆபத்து.

தசை எப்படிச் சுருங்குகிறது? தசைக் கலத்துக்குள் அக்ரின் என்ற மெல்லிய புரத இழைகளும் மயோசின் என்ற தடித்த இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கின்றன. 1954ல் ‘நேச்சர்’ ஆய்விதழின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள், இழைகள் தாம் குறுகுவதில்லை, ஒன்றின் மீது ஒன்று வழுக்குகின்றன என்று காட்டின. ஒரு குழுவில் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் றோல்ஃப் நீடெர்கெர்கவும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். (இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்.) மயோசினின் தலை அக்ரினைப் பற்றி, மில்லிமீற்றரில் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு தூரம் இழுத்து, விட்டு, அடுத்த இடத்தைப் பற்றும். கோடிக்கணக்கான தலைகள் சேர்ந்து செய்வதால் அது கண்ணுக்குத் தெரியும் அசைவாகிறது.

பலரும் கவனிக்காதது, பற்றிய தலை விடுபடுவதற்கு ஏ.ரி.பி என்ற சக்தி மூலக்கூறு வேண்டும் என்பது. அது தீர்ந்தால் பிடி பிடித்தபடியே நிற்கும். பிடித்த மீன் சில மணி நேரத்தில் கட்டைபோல் விறைப்பது இதனால்தான். பிறகு புரதங்கள் சிதையத் தொடங்கியதும் மீன் மீண்டும் தளரும். சந்தையில் விறைப்பான மீனைத் தேடுவோரின் கணிப்பில் உயிரிரசாயனம் இருக்கிறது.

சுருங்கு என்ற கட்டளை நரம்பு வழியாக வருகிறது. நரம்பின் நுனி அசற்றைல்கோலின் என்ற பொருளைச் சுரக்க, தசைக் கலம் தன் சேமிப்பிலிருந்து கல்சியத்தைத் திறந்துவிட, இழைகள் பற்றத் தொடங்கும். வேலை முடிந்ததும் அசற்றைல்கோலினை ஒரு நொதியம் உடனே உடைத்துவிட வேண்டும். அம்பாறை, மட்டக்களப்பு வயல்வெளிகளில் மருந்தடிக்கிறவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். ஓகனோ பொசுபேற்று வகைப் பூச்சிகொல்லிகள் அந்த நொதியத்தையே முடக்குகின்றன. கட்டளை நிற்காமல் ஒலிக்க, தசைகள் தாமாகத் துடிக்கும், பின் சோர்ந்து செயலிழக்கும். வியர்வையும் எச்சிலும் பெருகி, கண்மணி சுருங்கி, கண்ணிமையோ கெண்டைக்காலோ துடித்தால் அதை வெயில் களைப்பு என்று நினைத்து மரநிழலில் படுக்கக்கூடாது. உடுப்பைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபலோடு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுவாசத் தசைகளும் தசைகளே.

தசைக்குள் கையிருப்பாக உள்ள ஏ.ரி.பி சில செக்கன்களுக்கே போதும். அதை அவசரமாக நிரப்பும் கிரியேற்றின் பொசுபேற்று சுமார் 10 செக்கன் வரை தாக்குப்பிடிக்கும். அதன் பிறகு குளுக்கோசு, நீடித்த வேலைக்கு ஒட்சிசன். ஒட்சிசனைக் கொண்டுவருவது இரத்தம், ஆனால் இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. கரைவலையின் கயிற்றை விடாமல் இறுக்கிப் பிடித்து இழுப்பவரின் முன்கை விரைவில் எரியத் தொடங்குவது இதனால். அம்பாப் பாட்டின் ஓசைக்கு எல்லோரும் சேர்ந்து இழுத்து, சேர்ந்து தளரும்போது, அந்தத் தளர்வில் இரத்தம் உள்ளே பாய்கிறது. உழவு இயந்திரம் இழுக்கும் கரைகளில் பாட்டுக்கு இந்த வேலை இல்லை.

மறுநாள் வரும் உடல்நோவுக்குப் பலர் இலக்ரிக் அமிலத்தைக் குறை சொல்வார்கள். அது வேலை முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். குடும்பிமலை ஏறி இறங்கியவருக்குத் தொடை அதிகம் நோவது ஏற்றத்தால் அல்ல, இறக்கத்தால். இறங்கும்போது தொடைத் தசை சுருங்க முயன்றபடியே நீட்டப்படுகிறது, நுண்ணிய இழைகள் சேதப்படுகின்றன. நோவு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும்.

எலும்பு இதில் வெறும் கம்பு அல்ல. அதற்கு இரத்த ஓட்டம் உண்டு, தன்னைத் தானே கரைத்துப் புதுப்பிக்கிறது. தசையின் இழுப்பும் உடம்பின் பாரமும் எந்தத் திசையில் அதிகமோ அந்தத் திசையில் அது உறுதிப்படும் என்று ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வுல்ஃப் 1892ல் எழுதினார். இழுப்பு நின்றால் எலும்பு அடர்த்தி குறையும். விண்வெளியில் தங்குவோர் இடுப்பு எலும்பில் மாதம் ஒன்றுக்கு 1 சதவீதத்துக்கும் மேல் இழப்பதுண்டு. முறிந்த காலுக்கு பரிஸ் சாந்துக் கட்டுப் போட்டாலும் இதுவே நடக்கிறது, தசை எலும்பைவிட வேகமாக மெலிகிறது. முதல் இரண்டு வாரங்களிலேயே தொடை சுருங்கிவிடும். அதனால் வைத்தியர் அனுமதித்தால் கட்டு இருக்கும்போதே, காலை அசைக்காமல் தொடைத் தசையை மட்டும் 5 செக்கன் இறுக்கி, தளர்த்தி, தடவைக்குப் 10 முறையாக நாளில் பல தடவை செய்யச் சொல்வார்கள். முழங்காற்சில்லு மேல்நோக்கி இலேசாக நகர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கட்டு முழங்காலையும் மூடியிருந்தால், கட்டுக்குமேல் தொடையில் கைவைத்து இறுக்கம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.