கூரை ஏன் பறக்கிறது?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உண்மையில் அம்மி எங்கும் போவதில்லை. அதைவிடப் பல நூறு மடங்கு கனமான கூரைதான் பறக்கிறது. அம்மிக்கு அடியில் காற்று புக வழியில்லை. மேலே காற்று பிடித்து இழுக்கப் பரப்பும் இல்லை. கூரைக்கு இரண்டும் உண்டு.

இந்த வித்தியாசத்தை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிக்கேன் பருவம். வங்கக் கடலில் பிறந்தால் புயல், அட்லாண்டிக்கில் பிறந்தால் ஹரிக்கேன். பெயர்தான் வேறு, பிறவி ஒன்றுதான். பருவம் தொடங்கும்போது கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்கும் பேட்டரிக்கும் கூட்டம் அலைமோதும். அவையும் வேண்டியவைதான். ஆனால் வீடு நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிப்பது பரணுக்குள், கூரையைத் தாங்கும் கைமரமும் சுவரும் சேரும் இடத்தில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும் ஒரு தகரப் பட்டை.

1992 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை விடியற்காலை. ஆண்ட்ரூ என்ற ஹரிக்கேன் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியில் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 265 கிலோமீட்டர். கோரல் கேபிள்ஸில் இருந்த தேசிய ஹரிக்கேன் மையத்தின் மொட்டைமாடி ராடாரையே அது பிய்த்துப் போட்டது. 25,000க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. பொறியாளர்கள் இடிபாடுகளுக்குள் நடந்து பார்த்தபோது, ஒரே தெருவில் ஒரு வீடு நிற்க, பக்கத்து வீடு தரைமட்டமாகிக் கிடந்ததைக் கண்டார்கள். இரண்டின் மீதும் வீசியது ஒரே காற்றுதானே?

காற்று தரும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்றை எடுத்துக்கொள்வோம். எதிரே நிற்கும் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அது ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். சுவர் இதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். சுவரைத் தாண்டிப் போகும் காற்றில்தான் வினை இருக்கிறது.

சுவரில் மோதிய காற்று மேலெழும்பி, சுவரைத் தாண்டி நீளும் கூரையான இறவாணத்தின் விளிம்பில் சட்டென்று திரும்ப வேண்டியிருக்கிறது. அவ்வளவு வேகத்தில் அதனால் வளைந்து கூரையோடு ஒட்டிப் போக முடியாது. விளிம்பிலேயே பிரிந்து தாவுகிறது. தாவிய காற்றுக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகிறது. கூரையின் மூலைகளில் இந்தச் சுழல்கள் கயிறு முறுக்கியதுபோலத் திரண்டு ஓடும்; உறிஞ்சல் அங்கேதான் மிக அதிகம். புயலுக்குப் பின் பார்த்தால் ஓடுகள் முதலில் போயிருப்பது மூலையிலும் விளிம்பிலும்தான் என்பதற்கு இதுவே காரணம். ஆக, காற்று கூரையை மேலிருந்து அடிப்பதில்லை; மேல்நோக்கி இழுக்கிறது. ஃபுளோரிடாவின் மரச்சட்டக் கூரை சதுர மீட்டருக்கு நூறு கிலோகூட இருக்காது. மேலே இழுக்கும் விசை 150 கிலோ என்றால் மிச்சத்தை யார் பிடிப்பது? ஆணிகள்தான் பிடிக்க வேண்டும்.

நம் ஊரில் தகரக் கொட்டகையின் மேல் கல்லும் மணல் மூட்டையும் ஏற்றி வைப்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமும் நொடிக்கு அதே 50 மீட்டர்தான். சதுர மீட்டருக்கு 150 கிலோ இழுவைக்கு முன்னால் ஆளுக்கொரு மூலையில் வைத்த நான்கு கற்கள் எந்த மூலைக்கு? தகடு கிளம்பும்போது அந்தக் கல்லும் கூடவே கிளம்பி அடுத்த வீட்டில் இறங்கும். தகட்டைச் சட்டத்தோடு கொக்கி போல்ட்டால் முடுக்குவதும், சட்டத்தைச் சுவரோடு பிணைப்பதும்தான் வேலைக்கு ஆகும்.

இன்னொரு விசை உள்ளிருந்து வருகிறது. காற்றைப் பார்த்த பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ உடைந்தால், காற்று உள்ளே புகுந்து வீட்டைப் பலூன்போல ஊதுகிறது. வெளியே மேலிருந்து இழுப்பு, உள்ளே கீழிருந்து தள்ளல். கூரை மீதான மொத்த விசை கிட்டத்தட்ட இரட்டிக்கவும் கூடும். எதிர்காற்றில் பிடித்த குடை பின்பக்கமாக மடங்குகிற கதைதான் இது. ஆண்ட்ரூவில் பல வீடுகளை இப்படிக் காட்டிக்கொடுத்தது கார் நிறுத்தும் அறையின் கதவு. இரண்டு கார் நுழையும் கதவு பத்துச் சதுர மீட்டர் இருக்கும்; அதன் மேல் விழும் பாரம் ஒன்றரை டன். மெல்லிய தகட்டுக் கதவு அதற்கு எம்மாத்திரம்? கதவு போனது, காற்று புகுந்தது, கூரை கிளம்பியது. கூரை போனபின் மேலே பிடிப்பில்லாமல் சுவரும் சாய்ந்தது.

புயல் வரும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று அங்கே வெகுநாள் ஒரு நம்பிக்கை இருந்தது. இதைவிட மோசமான யோசனை கிடையாது. எந்த வீடும் காற்று புகாத டப்பா அல்ல. அழுத்தம் சமமாவதற்கு இடுக்குகளே போதும். திறந்த ஜன்னல் பலூனுக்கு வாய் வைத்த மாதிரி. கண்ணாடியில் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டுவதும் அப்படித்தான். கண்ணாடி உடைவதை டேப் தடுக்காது. உடைந்தபின் சிறு சில்லுகளாகச் சிதறாமல், பெரிய கத்தி போன்ற துண்டுகளாகப் பறக்க வைக்கும். ஜன்னலை உடைப்பது பெரும்பாலும் காற்றல்ல, காற்று சுமந்துவரும் ஓடும் கட்டையும்தான். அதனால் மயாமி-டேட் மாவட்டத்தில் புயல் ஷட்டர்களைச் சோதிக்க, சுமார் நான்கு கிலோ மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அதன் மேல் சுடுகிறார்கள். தாங்கினால்தான் விற்கலாம். ஷட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் தடித்த பிளைவுட் பலகையை அளவாக அறுத்து, துளையிட்டு, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி மே மாதமே அடுக்கி வைத்துவிடுகிறார்கள். எச்சரிக்கை வந்தபின் ரம்பத்தைத் தேடுகிறவருக்குக் கடையில் பலகையே மிஞ்சாது. முற்றத்தில் கிடக்கும் நாற்காலி, பூந்தொட்டி, தேங்காய் எல்லாவற்றையும் உள்ளே எடுப்பதும் இதே கணக்குதான். உங்கள் நாற்காலி, எதிர்வீட்டு ஜன்னலுக்கு ஏவுகணை.

செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு. தென் கரோலினாவின் ரிச்பர்க்கில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆய்வுக்கூடம் ஒன்றில் 105 ராட்சத விசிறிகளை வைத்து முழு வீட்டையே ஊதிப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் அறைக் கதவுகளைச் சாத்தி வைத்தால் கூரை மேலான விசை 30 சதவீதம் வரை குறையலாம் என்பது அங்கே கண்டது. ஒரு ஜன்னல் உடைந்தாலும் ஊதல் அந்த ஓர் அறையோடு நின்றுவிடுகிறது.

இனி அந்தத் தகரப் பட்டை. பழைய வீடுகளில் கைமரத்தைச் சுவர்த்தலை மரத்தில் சாய்வாக ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். கூரை மேலே இழுபடும்போது ஆணி தன் நீளவாக்கில் இழுபட்டு, பல் பிடுங்கியதுபோலக் கழன்று வரும். துத்தநாகம் பூசிய பட்டை கைமரத்தைச் சுற்றி மேலே ஏறி, இருபுறமும் சுவரில் இறங்கி நிற்கும். அதில் அடித்த ஆணிகளின் மேல் இழுவை குறுக்காக விழுகிறது. ஓர் ஆணியைப் பிடுங்குவதைவிட அதைக் குறுக்கே அறுப்பது பல மடங்கு கடினம். ஆணி அதேதான், மரமும் அதேதான். விசை வரும் திசையை மாற்றியதில்தான் சூட்சுமம். ஓட்டிலிருந்து பலகை, கைமரம், சுவர், அஸ்திவாரம் என்று இழுவை சங்கிலியாக மண்ணுக்கு இறங்க வேண்டும். ஆண்ட்ரூவுக்குப் பின் எழுதப்பட்ட ஃபுளோரிடாவின் பொதுக் கட்டட விதி 2002இல் நடைமுறைக்கு வந்தது. 2004 ஆகஸ்டில் சார்லி என்ற ஹரிக்கேன் அம்மாநிலத்தின் புன்டா கோர்டா நகரைத் தாக்கியபோது புது விதிப்படி கட்டிய வீடுகள் பழையவற்றைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தன.

தண்ணீர் வேறு கதை. ஹரிக்கேனை ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்தும் சஃபீர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றை மட்டுமே சொல்கிறது. 2008இல் ஐக் என்ற ஹரிக்கேன் கரை கடந்தபோது அது வெறும் இரண்டாம் வகை. ஆனால் அது தள்ளிக்கொண்டு வந்த கடல், டெக்சாஸின் பொலிவார் தீபகற்பத்தில் வரிசை வரிசையாக வீடுகளைத் துடைத்துவிட்டது. ஒருவர் ஓடும் வேகத்தில், மணிக்கு 11 கிலோமீட்டரில் வரும் நீர் தரும் அழுத்தம், 300 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். காற்றைவிட நீர் 800 மடங்கு அடர்த்தி என்பதால் வரும் கணக்கு இது. அமெரிக்காவில் அரை நூற்றாண்டுப் பதிவுகளை அலசியதில், புயல் நேரடியாகப் பறித்த உயிர்களில் பத்தில் ஒன்பது நீரால் போனவை என்று தெரிந்தது. காற்றுக்கு வீட்டைப் பலப்படுத்தலாம். கடல் ஏறும் பகுதியில் இருந்தால் பட்டையும் ஷட்டரும் உங்களைக் காப்பாற்றாது, கிளம்புவதுதான் தயாரிப்பு. ஃபுளோரிடாவில் ஒவ்வொரு முகவரிக்கும் எந்த வெளியேற்ற மண்டலம் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். முதலில் காலி செய்ய வேண்டியது ஏ மண்டலம்.

காற்று ஓய்ந்தபின் வரும் ஆபத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மின்சாரம் போனதும் ஜெனரேட்டரைக் கார் அறைக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். 2020இல் லாரா என்ற ஹரிக்கேன் கடந்த பிறகு லூசியானாவில் பல உயிர்கள் இப்படிப் போயின. ஜெனரேட்டர் திறந்த வெளியில், வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மழை என்று தாழ்வாரத்துக்கு இழுத்து வருவதும் ஆகாது.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் நான்கு லிட்டர் தண்ணீர் என்பது அங்குள்ள கணக்கு. திறக்காமல் வைத்த ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடிக்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரும்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஃப்ரீசரில் எல்லாம் கல்லாக உறைந்திருக்கும். நடுவில் போய் வந்ததா, மீன் உருகிக் கெட்டு மறுபடி உறைந்ததா என்று எப்படித் தெரியும்? அதற்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு காசை வைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால், எல்லாம் குப்பைக்கு.