எண்ணெய் ஊசி இரண்டு கிழமை எப்படித் தாங்குகிறது?

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர். வைத்தியரின் மேற்பார்வையில் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. இதுவரை கிளினிக்கில் தாதி ஊசி போட்டுவிட்டார். இனித் தானே போடப் பழக வேண்டும். கேள்விகள் மூன்று. இந்த மருந்து ஏன் எண்ணெயில் வருகிறது? மற்ற மருந்துகளை நாளுக்கு மூன்று வேளை விழுங்கச் சொல்கிறார்களே, இது மட்டும் எப்படி இரண்டு கிழமை நிற்கிறது? அடுத்த ஊசிக்கு முந்திய மூன்று நாலு நாள் ஏன் உடம்பும் மனமும் சோர்ந்து போகின்றன? கூடவே அம்மாவின் கேள்வி ஒன்று: "எண்ணெயை ஊசியால ஏத்தினா உள்ளுக்க கட்டி வராதோ?"

நாலு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் கிடக்கிறது. தசைக்குள் போய் நிற்கும் எண்ணெய்த் துளியும் அதைச் சுற்றியுள்ள நீரும் தொடும் எல்லைதான் அந்த இடம்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்ப்போம். டெஸ்டோஸ்டிரோன் கொலஸ்திரோலில் இருந்து உருவாகும் ஓமோன். விதைப்பையில் உள்ள விதைகள் நிறையச் சுரக்கும். சூலகமும் அதிரீனல் சுரப்பியும் கொஞ்சம் சுரக்கும். ஆகவே எந்த மனித உடலுக்கும் இது அந்நியப் பொருள் அல்ல. அதைவிட அழகான ஒரு விசயம் உண்டு. இந்த ஓமோனைப் பிடித்து, அதன் செய்தியைக் கலத்தின் கருவுக்குள் கொண்டுபோகும் வாங்கிப் புரதத்துக்கான பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களோடு பிறந்தவரிடமும் அந்தப் பரம்பரை அலகு இருக்கிறது. குரல்நாண் தடிப்பதும் தாடி முளைப்பதும் அந்த உடலில் ஏற்கனவே எழுதப்பட்டிருந்த ஒரு பாடம் வாசிக்கப்படுவதால்தான்.

1935ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லக்கேயரின் ஆய்வுகூடத்தில் காளைகளின் விதைகளில் இருந்து இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். ஏறத்தாழ 100 கிலோவில் கிடைத்தது 10 மில்லிகிராம். அதே ஆண்டிலேயே அடொல்ஃப் பூட்டனான்ட்டும் லியோபோல்ட் ருசிச்காவும் கொலஸ்திரோலில் இருந்து தொடங்கி இதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார்கள். இருவருக்கும் 1939ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1939இல் இங்கிலாந்தில் மைக்கேல் டிலன் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கத் தொடங்கினார். இதை எடுத்த முதல் திருநம்பி என்று அறியப்படுபவர் அவர். பிறகு மருத்துவம் படித்துக் கப்பல் வைத்தியரானார், பௌத்தத் துறவியானார், 1962இல் இந்தியாவில் காலமானார். திருநம்பிகள் நேற்று முளைத்தவர்கள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சரி, மாத்திரையாகவே விழுங்கினால் என்ன? குடலில் உறிஞ்சப்படும் டெஸ்டோஸ்டிரோன் நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதில் பெரும்பகுதியை முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். அப்படியானால் தூய டெஸ்டோஸ்டிரோனை ஊசியில் ஏற்றலாமே? ஏற்றலாம். ஆனால் குருதியில் அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சில பத்து நிமிடங்கள்தான். காலையில் போட்டது மத்தியானச் சோற்றுக்கு முன் போய்விடும். ஒரு நாளைக்குப் பல ஊசி போட யாரால் முடியும்?

இனி நான் ஆசையோடு சொல்ல வந்த பகுதி.

டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறில் 17ஆவது காபனில் ஓர் ஐதரொட்சில் கூட்டம் இருக்கிறது. நீரோடு கொஞ்சமாவது உறவு வைத்திருப்பவற்றில் அதுவும் ஒன்று. அந்த இடத்தில் ஒரு கொழுப்பமிலத்தை இணைத்து எசுத்தராக்கிவிட்டால் மூலக்கூறு நீரை இன்னும் வெறுக்கும், எண்ணெயை இன்னும் விரும்பும். 7 காபன் அமிலத்தைச் சேர்த்தால் ஈனாந்தேற்று. 8 காபன் என்றால் சிபியோனேற்று. 11 காபன் என்றால் அண்டெக்கனோயேற்று. பொதுவாக இந்த அமில வால் நீள நீள எண்ணெய்ப் பற்று கூடும்.

உயர்தரத்தில் வேதியியல் படித்தவர்களுக்குப் பங்கீட்டுக் குணகம் ஞாபகம் இருக்கும். கலக்காத இரண்டு திரவங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டிலும் கரையக்கூடிய ஒரு பொருள் தன்னை ஒரு நிலையான விகிதத்தில் பிரித்துக்கொள்ளும். பரீட்சைக்குக் கணக்குப் போட்டுவிட்டு நாங்கள் மறந்துபோன அதே விதிதான் தம்பியின் தொடைத் தசையில் இரவும் பகலும் வேலை செய்கிறது. எண்ணெயில் மிகப் பெருமளவு எசுத்தர், வெளியே உள்ள இழையப் பாய்பொருளில் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைக் குருதியும் நிணநீரும் அள்ளிக்கொண்டு போகும். விகிதம் குலைந்ததும் எண்ணெயில் இருந்து இன்னும் கொஞ்சம் வெளியே வரும், அதையும் அள்ளிக்கொண்டு போகும். இப்படியே நாட்கணக்கில் நடக்கும். இதற்குப் பற்றரியும் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

வெளியே வந்த எசுத்தருக்கு ஆயுள் குறைவு. எசுத்தரேசு எனும் நொதியங்கள் வாலை வெட்டிவிடுகின்றன. மீதியாவது உடல் தானே செய்யும் அதே டெஸ்டோஸ்டிரோன், அணுவுக்கு அணு வேறுபாடில்லாமல். வெட்டுப்பட்ட வால் வெறும் கொழுப்பமிலம். அதை உடல் எரித்துச் சக்தியாக்கும். வாலுக்கும் நிறை உண்டு என்பதால், 100 மில்லிகிராம் ஈனாந்தேற்றில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ 72 மில்லிகிராம்தான். வேறு எசுத்தருக்கு மாறும்போது மில்லிகிராமை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இரண்டாவது கேள்வி. குருதியில் நிமிடக்கணக்கில் அழியும் பொருள் எப்படி இரண்டு கிழமை நிற்கும்? கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தொட்டியின் வடிகால் அகலமாகத் திறந்திருக்கிறது. விழும் தண்ணீர் உடனே ஓடிவிடும். ஆனால் மேலே குழாய் மெல்லிய நூலாகத்தான் விடுகிறது. தொட்டியில் எவ்வளவு நேரம் தண்ணீர் தெரியும் என்பதை வடிகால் தீர்மானிப்பதில்லை, தாங்கியும் குழாயும்தான் தீர்மானிக்கின்றன. ஈனாந்தேற்றின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ நாலரை நாள் என்று சொல்லும்போது, அது எண்ணெயில் இருந்து வெளியேறும் வேகத்தின் அளவு. டெஸ்டோஸ்டிரோன் அழியும் வேகம் மாறவே இல்லை. மருந்து நீடிப்பது என்றால் மருந்து அழியாமல் இருப்பது என்று நாம் இயல்பாக நினைப்போம். இங்கே அது நேர்மாறாக இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

மூன்றாவது கேள்விக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். நாலரை நாளுக்கு ஒரு முறை பாதியானால், 7 நாளின் பின் மீதி ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 14 நாளின் பின் எட்டில் ஒன்று, அதற்கும் கொஞ்சம் குறைவு. உண்மையான உடலில் உச்சம் உடனே வராது, முதல் ஓரிரு நாளில்தான் வரும். ஆனாலும் படம் இதுதான்: இரண்டு கிழமைக்கு ஒரு முறை போட்டால் உச்சத்துக்கும் அடிக்கும் இடையில் பெரிய பள்ளம். அதே மொத்த அளவைப் பாதியாக்கிக் கிழமைக்கு ஒரு முறை போட்டால் பள்ளம் வெகுவாக ஆழம் குறையும். கடைசி நாட்களின் சோர்வு இதனால்தானா என்பதைக் குருதிப் பரிசோதனை சொல்லும். அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கத்தின் 2017 வழிகாட்டி, இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் குருதி எடுத்தால் டெசிலீற்றருக்கு 400 முதல் 700 நனோகிராம் வரை இருக்க வேண்டும் என்கிறது. உச்சத்தையும் அடியையும் தனித்தனியே அளப்பதும் உண்டு. எந்த நாளில் எடுத்தது என்று தெரியாத அறிக்கையால் பயன் குறைவு; ஊசி போட்ட திகதியை எழுதி வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். இடைவெளியை மாற்றுவது அவரோடு பேசி எடுக்கும் முடிவு.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த எண்ணெய் என்று கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள்: நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆமணக்கெண்ணெய், அப்புறம் பருத்திவிதை எண்ணெய். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். நாலு எசுத்தர்கள் கலந்த சஸ்டனான் என்ற ஊசி மருந்து கடலை எண்ணெயில் வருகிறது. ஆகவே கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்தில் இருப்பது சுத்திகரித்துக் கிருமி நீக்கிய எண்ணெய். செக்கில் ஆட்டியது உடம்புக்குள் போகவே கூடாது.

ஊசி போடும் கையில் தெரிவது இந்த எண்ணெயின் பாகுநிலை. புவாசேயின் சமன்பாட்டின்படி ஒரு நொடியில் குழாயால் பாயும் கனவளவு ஆரையின் நாலாம் அடுக்குக்கு நேர்விகிதம். ஊசியின் தடிப்பைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் ஊசி மெல்லியது. 25 கேஜ் ஊசியின் உள்விட்டம் 21 கேஜ் ஊசியினதில் ஏறத்தாழப் பாதி. பாதி என்றால் அதே நீளத்தில் அதே அழுத்தத்துக்குப் பாய்ச்சல் பதினாறில் ஒன்று! குப்பியில் இருந்து தடித்த ஊசியால் உறிஞ்சி, பிறகு மெல்லிய ஊசிக்கு மாற்றிப் போடச் சொல்வது இதனால்தான். றப்பர் மூடியைக் குத்தி மழுங்கிய முனை தோலில் படாமல் போவது இன்னொரு இலாபம். குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் பாகுநிலை குறையும். மெல்லிய ஊசியில் எண்ணெய் மெதுவாகத்தான் போகும். அது பிழை அல்ல. பெருவிரலால் முண்டாமல் ஒரே சீராக அழுத்துங்கள்.

இடம்? தானே போடுபவருக்குப் பிட்டம் வசதியில்லை, அங்கே இடுப்பு நரம்பும் ஓடுகிறது. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி கண்ணுக்கும் தெரியும், கைக்கும் எட்டும். தசையைத் தளர்த்தி, தோலுக்குச் செங்குத்தாகப் போட வேண்டும். ஒரு முறை வலது, மறுமுறை இடது. வயிற்றுத் தோலின் கீழுள்ள கொழுப்பில் சின்ன ஊசியால் போடும் முறையும் இருக்கிறது. 63 திருநம்பிகளிடம் செய்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, கிழமைக்கு ஒரு முறை தோலுக்குக் கீழே போட்டாலே போதிய அளவு கிடைக்கிறது என்று காட்டியது. அண்டெக்கனோயேற்று மட்டும் வேறு கதை. ஒரே தடவையில் 4 மில்லிலீற்றர் ஆமணக்கெண்ணெய் போகும். அரிதாக எண்ணெய் நுண்துளிகள் நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சு முட்டலும் வரக்கூடும். அதை வைத்தியசாலையில்தான் போட வேண்டும், போட்டபின் அங்கேயே கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்.

கை கழுவுவது, மூடியைத் துடைப்பது, காற்றுக்குமிழை வெளியேற்றுவது எல்லாம் தாதி காட்டித் தருவார். அவர் முன்னால் நீங்களே போட்டுக் காட்டுங்கள். பாவித்த ஊசிக்கு மூடி போட வேண்டாம், கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு வைத்தியசாலையில் கொடுங்கள். குப்பைப் பையில் போட்டால் அது குத்துவது நகரசபைத் தொழிலாளியின் கையை.

இங்கே மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 63 பேர் என்பது மிகச் சிறிய எண். திருநம்பிகளுக்குக் கொடுக்கும் அளவுகள் பெரும்பாலும் ஓமோன் குறைபாடுள்ள ஆண்களிடம் நடந்த ஆய்வுகளில் இருந்து இரவல் வாங்கியவை. காப்புரிமை முடிந்த மலிவான பழைய மருந்தை ஆராயக் கம்பனிகள் எளிதில் காசு போடா. பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்கள்தான் செய்ய வேண்டும், நமது பல்கலைக்கழகங்கள் உட்பட. நமது வெப்பத்தில், நமது உணவோடு, நமது உடல்களில் இந்த எண்ணெய்த் துளி எப்படி நடந்துகொள்கிறது என்று அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் தேவை.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகளைச் சாத்திரியிடம் கூட்டிப்போய்க் கழிப்புக் கழிப்பதும் நூல் கட்டுவதும் இன்னும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் திருநம்பியாக இருப்பது மனநோய்ப் பட்டியலிலேயே இல்லை. இலங்கையில் 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. கழிப்புக்குச் செலவழிக்கும் காசில் குருதிப் பரிசோதனை செய்யலாம். அது உண்மையிலேயே தேவை: டெஸ்டோஸ்டிரோன் செங்குருதிக் கலங்களைக் கூட்டும், குருதி அளவுக்கு மீறித் தடிக்கக்கூடும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். மாதவிடாய் நின்றாலும் இது கருத்தடை அல்ல என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

அம்மாவுக்கு விடை: எண்ணெய் உள்ளே அப்படியே தங்குவதில்லை. எசுத்தர் வெளியேறுவதுபோல எண்ணெயையும் உடல் மெல்ல மெல்லக் கரைத்து நிணநீர் வழியாக எடுத்துவிடும். போட்ட இடம் ஓரிரு நாள் நோவதும் சிறு தடிப்புத் தெரிவதும் சாதாரணம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால்தான் இழையம் இறுகும். சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் பெருத்து, காய்ச்சலும் வந்தால் அது எண்ணெயின் வேலை அல்ல, கிருமியின் வேலை. அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஒரு நாள் மறந்துபோனால் பயப்பட வேண்டாம். துளி இன்னும் முழுதாகத் தீர்ந்திருக்காது. ஞாபகம் வந்ததும் வைத்தியரைக் கேட்டு வழக்கமான அளவையே போடுங்கள், இரண்டு மடங்காக்க வேண்டாம்.