‘கம்ப்ளீட்டட்’ என்றது டெர்மினல், காலியாக வந்தது டேட்டாபேஸ்

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம். ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் ஆர்டர் செயலியைப் பழைய குபெர்னெட்டிஸ் கிளஸ்டரிலிருந்து (பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றாகச் செயலிகளை ஓட்டும் ஏற்பாடு) புதியதற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்திருந்தது. கிளஸ்டருக்கான பேக்கப் கருவி வெலேரோ தினமும் இரவு பேக்கப் எடுக்கிறது, கவலையே வேண்டாம் என்றார்கள். ‘வெலேரோ பேக்கப் கெட்’ என்று அடித்தேன். முப்பது நாளுக்கு முப்பது வரி, எல்லாவற்றிலும் ‘கம்ப்ளீட்டட்’. புதிய கிளஸ்டரில், பேக்கப்பைத் திரும்பக் கொண்டுவரும் ‘வெலேரோ ரீஸ்டோர் கிரியேட்’ கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது பாட் (செயலியின் ஒவ்வொரு துண்டும் ஓடும் பெட்டி) எல்லாம் ‘ரன்னிங்’. லாகின் பக்கம் அழகாக வந்தது. உள்ளே போக முயன்றால், அப்படி ஒரு பயனரே இல்லை என்றது. டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்குள் நுழைந்து பார்த்தேன். டேபிள்கள் எல்லாம் இருந்தன. எதிலும் ஒரு வரிகூட இல்லை.

பழைய கிளஸ்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. நான்தான் ராத்திரி தூங்கவில்லை.

நடந்தது இதுதான். வெலேரோ இரண்டு தனித்தனி வேலை செய்கிறது. கிளஸ்டரில் என்னென்ன இருக்கிறது என்ற விவரங்களை எடுத்து ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளைப் போட்டு வைக்கும் தனிக் கிடங்கு) போடுவது ஒன்று. டிஸ்க்கில் உள்ள டேட்டாவை எடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்கு டிஸ்க் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரின் மெஷின்) ஓடும் ஏஜென்ட் கோப்புகளை நகலெடுக்க வேண்டும். கோப்பு நகலெடுப்பது தானாக நடக்காது. பாட்டில் ஒரு குறிப்பு எழுதி, இந்த வால்யூமையும் (பாட்டுக்குக் கொடுத்த டிஸ்க்) எடு என்று நாம் சொல்ல வேண்டும்; அல்லது எல்லா வால்யூமையும் எடுக்கும் ஆப்ஷனைப் போட வேண்டும். இங்கே ஸ்னாப்ஷாட்டும் அமைக்கவில்லை, குறிப்பும் எழுதவில்லை. ரீஸ்டோரின்போது ‘ஐம்பது ஜிபி டிஸ்க் வேண்டும்’ என்ற விண்ணப்பம் மட்டும் வந்து சேர்ந்தது. புதிய கிளஸ்டரும் ஐம்பது ஜிபி காலி டிஸ்க் கொடுத்தது. போஸ்ட்கிரெஸ் காலி டைரக்டரியைப் பார்த்துப் புது டேட்டாபேஸை உருவாக்கியது. செயலி, டேபிள்களை அமைக்கும் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்டை ஓட்டி அவற்றைப் போட்டது. ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ‘வெலேரோ பேக்கப் டிஸ்கிரைப்’ கட்டளையை ‘டீட்டெயில்ஸ்’ ஆப்ஷனோடு ஒரு தடவை யாராவது ஓட்டியிருந்தால், வால்யூம் பகுதி வெறுமையாக இருப்பது தெரிந்திருக்கும்.

இந்தக் கட்டளைகள் பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்வதில்லை. கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸின் ‘நோட்டூல் ஸ்னாப்ஷாட்’ கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட வேண்டும். அது நகலெடுப்பதில்லை, அதே டிஸ்க்கில் ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டும் போடுகிறது. டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். குபெர்னெட்டிஸ் தன் விவரங்களை வைக்கும் எட்சிடியின் ஸ்னாப்ஷாட்டில் கிளஸ்டரின் மொத்த நிலவரம் இருக்கும், செயலியின் டேட்டா ஒரு பைட்கூட இருக்காது. சீக்ரெட்டுகளை (பாஸ்வேர்டு போன்ற ரகசியங்கள்) என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால் அதன் சாவி, கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன் மெஷினில் வேறொரு கோப்பில் இருக்கும். அதையும் எடுத்து வைக்காவிட்டால் ரீஸ்டோர் செய்தும் பயனில்லை. இன்னொன்று, ‘எட்சிடி-சிடிஎல் ஸ்னாப்ஷாட் ரீஸ்டோர்’ என்று பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். 3.6 பதிப்பில் அந்த வேலை ‘எட்சிடி-யுடிஎல்’ கட்டளைக்குப் போய்விட்டது. போஸ்ட்கிரெஸின் ‘பிஜி-டம்ப்’ ஒரு டேட்டாபேஸை எடுக்கும், அதன் பயனர்களையும் ரோல்களையும் எடுக்காது.

இதெல்லாம் ஒரு தடவை பட்டால் புரிந்துவிடும். பல துண்டுகளாகப் பிரிந்து ஓடும் செயலியில் உண்மையான சிக்கல் நேரம்தான். அதே ஆர்டர் செயலியையே எடுத்துக்கொள்வோம். ஆர்டர் விவரம் போஸ்ட்கிரெஸில், பில் பிடிஎஃப் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில். ஒரு மணிக்குக் கோப்புகளை நகலெடுத்து முடிக்கிறோம், ஒன்று நாற்பதுக்கு டேட்டாபேஸ் டம்ப். நடுவில் ஒன்று இருபதுக்கு ஓர் ஆர்டர் வருகிறது. ரீஸ்டோர் செய்தால் டேட்டாபேஸில் பில் எண் இருக்கும், பில் இருக்காது. வாடிக்கையாளர் கிளிக் செய்தால் பிழைச் செய்தி. வரிசையை மாற்றி, டேட்டாபேஸை முதலில் எடுத்துக் கோப்புகளை அப்புறம் எடுத்தால், யாரும் கேட்காத சில பிடிஎஃப்கள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். கூடுதலாக இருப்பது குப்பை, குறைவாக இருப்பது நஷ்டம். அதனால் சுட்டிக்காட்டும் பக்கத்தை முதலிலும் சுட்டப்படும் பக்கத்தைப் பிறகும் எடுக்கிறேன். ரீஸ்டோரில் தலைகீழ்: கோப்பு, டேட்டாபேஸ், கடைசியில் செயலி. இடைப்பட்ட நேரத்தில் பழைய கோப்புகளை அழிக்கும் கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) எதுவும் ஓடக்கூடாது, இந்தக் கணக்கு அதை நம்பித்தான் நிற்கிறது.

ஆர்டருக்கு ஒரு டேட்டாபேஸ், ஸ்டாக்குக்கு இன்னொரு டேட்டாபேஸ் என்று இரண்டும் ஒன்றையொன்று சுட்டினால் எந்த வரிசையும் உதவாது. சில நிமிடம் எழுதுவதை நிறுத்திவைக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே நேரப்புள்ளிக்குக் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும் ஒன்றிரண்டு ஆர்டர்களை ஒரு ஸ்கிரிப்ட் வைத்துத் தேட வேண்டும்.

இது பழைய கேள்வி. சென்னை ஐஐடியில் 1965இல் பி.டெக் முடித்த மணி சாண்டியும் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட்டும் 1985இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றியதுதான். வானம் முழுக்கப் பறந்துபோகும் பறவைக் கூட்டத்தை ஒரே போட்டோவில் அடக்க முடியாது. பலர் பல துண்டாக எடுத்து ஒட்டினால் அந்தப் படம் எப்போது அர்த்தமுள்ளதாக இருக்கும் என்று கேட்டார்கள். ஓடிவரும் டேட்டாவை உடனுக்குடன் கையாளும் அப்பாச்சி ஃபிளிங்க் போன்ற மென்பொருளில் அந்த அல்காரிதத்தின் ஒரு வடிவம் இன்றும் ஓடுகிறது. நாம் கிரானில் போடும் ஷெல் ஸ்கிரிப்ட்டில் ஓடாது.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்லேப்பில் நடந்ததைப் புதிதாகச் சேரும் எல்லோரிடமும் சொல்வேன். இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை ஒருவர் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்தினார். இதைவிட எனக்குப் பயம் தருவது அடுத்த பகுதி. பேக்கப் இருக்க வேண்டிய ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் பக்கெட் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஓடிய ‘பிஜி-டம்ப்’ 9.2 பதிப்பு, அதனால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களை, சரியாகக் கையெழுத்திடப்படவில்லை என்று மெயில் சர்வர் திருப்பிவிட்டது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்தார்கள், பெரிய மனசு. அதன்பிறகு நான் தோல்விச் செய்தியை நம்புவதில்லை. ‘இன்று வெற்றி, இத்தனை ஜிபி’ என்ற செய்தி காலை ஏழு மணிக்குள் வராவிட்டால் அலாரம் அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

மாதம் ஒரு தடவை ரீஸ்டோர் ஒத்திகை. தனி நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒதுக்கிய தனி அறை) கொண்டுவந்து, நேற்றைய கடைசி ஆர்டர் எண் இருக்கிறதா, அதன் பில் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். முதல் ஒத்திகையிலேயே என் கையால் ஒரு தப்பு நடந்தது. அனுப்ப வேண்டிய மெசேஜ்களின் க்யூவும் திரும்பி வந்தது, எஸ்எம்எஸ் கேட்வே சாவியும் திரும்பி வந்தது, ஒர்க்கர் பாட் எழுந்து தன் கடமையைச் செய்தது. முந்தின நாள் சரக்கு வாங்கிய கடைக்காரர்களுக்கு ‘உங்கள் சரக்கு கிளம்பிவிட்டது’ என்று மறுபடி மெசேஜ். ‘தம்பி, ரெண்டாவது லோடு நான் கேக்கவே இல்லையே’ என்று ஒரு பெரியவர் போன் செய்தார்.

இப்போது நேம்ஸ்பேஸை முதலில் காலியாக உருவாக்கி, வெளியே போகும் இணைப்புகளை நெட்வொர்க் பாலிசி போட்டு அடைத்துவிடுகிறேன். அதிலும் ஒரு பொறி உண்டு. நெட்வொர்க் இணைப்புக்கு ஃபிளானல் மட்டும் ஓடும் கிளஸ்டரில் பாலிசியைப் போட்டால் ‘கிரியேட்டட்’ என்று பதில் வரும், ஆனால் எதையும் தடுக்காது. அதனால் ரீஸ்டோர் கட்டளைக்கு முன் ஒரு சின்ன பாட்டுக்குள் நுழைந்து, எஸ்எம்எஸ் கேட்வே முகவரிக்கு நானே ‘கர்ல்’ கட்டளை அடித்து, அது டைம் அவுட் ஆகும் வரை காத்திருக்கிறேன்.