அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் யாருடையது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த அண்ணன் ஒருவர் தன் கையாலேயே பெட்டி அடித்து மூன்று வழி ஸ்பீக்கர் செய்து வைத்திருக்கிறார். தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், உச்ச ஒலிக்கு ட்வீட்டர்; மூன்றுக்கும் தனித்தனி அம்ப்ளிஃபையர். அவற்றுக்கு முன்னால் பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஜிட்டல் கிராஸ்ஓவர். போன மாதம் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, பாட்டு நிக்கிற நேரத்துல ட்வீட்டர் ஸ்ஸ்ஸுன்னு இரையுது. 192 கிலோஹெர்ட்ஸ்ல புது கிராஸ்ஓவர் பெட்டி வந்திருக்காமே, மாத்திரலாமா?”

பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நம் ஊர் வெக்கையில், 30 பாகைக் காற்றில், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை மூன்றரை மீட்டர் நீளம். 10,000 ஹெர்ட்ஸ் அலை மூன்றரை சென்டிமீட்டர்தான். இந்த இரண்டையும் ஒரே கூம்பு ஒழுங்காக எழுப்பாது. பெரிய கூம்பு உச்ச ஒலியை ஒரு திசையில் மட்டும் குவிக்கும். சின்ன ட்வீட்டருக்குத் தாழ்ந்த ஒலியைக் கொடுத்தால் கருகிவிடும். அதனால் தோட்டத்துப் பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் கூட்டம்) மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஆளுக்கொரு நிரை பிரித்துவிடுவதைப் போல, ஒலியைப் பிரித்துவிட ஒருவர் வேண்டும். அதுதான் கிராஸ்ஓவர். கடையில் வாங்கும் சாதாரண ஸ்பீக்கருக்குள் இந்த வேலையைச் சுருளும் கெப்பாசிட்டரும் செய்கின்றன. டிஜிட்டல் கிராஸ்ஓவரோ ஒலியை எண்களாக்கி, கணக்குப் போட்டுப் பிரித்து, மறுபடி மின்னலையாக்கி ஒவ்வோர் அம்ப்ளிஃபையருக்கும் அனுப்புகிறது.

பிரிப்பதைவிடக் கடினமானது, பிரித்ததை மறுபடி காற்றில் ஒன்றுசேர்ப்பது. இதற்கு இன்றும் அதிகம் பயன்படும் வழியை ஹியூலெட்-பேக்கார்டில் வேலைசெய்த ஸிக்ஃபிரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் கண்டார்கள். லிங்க்விட்ஸின் கட்டுரை 1976இல் வெளிவந்தது. பிரிக்கும் அதிர்வெண்ணில் இரண்டு ஸ்பீக்கர்களும் 6 டெசிபெல் இறங்கி நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால் கூட்டுத்தொகை சமமாகிவிடும். அந்த ‘ஒரே நேரம்’தான் எல்லாம். வூஃபரின் கூம்பை அசைக்கும் சுருள் ட்வீட்டரின் சுருளைவிட 3 சென்டிமீட்டர் பின்னால் இருப்பது சாதாரணம். 2,500 ஹெர்ட்ஸில் ஓர் அலையே 14 சென்டிமீட்டர்தான் என்பதால், அந்த 3 சென்டிமீட்டர் அலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். டிஜிட்டல் பெட்டி ட்வீட்டரை ஏறக்குறைய 0.086 மில்லிவிநாடி காக்கவைத்து இதைச் சரிசெய்யும். சுருளாலும் கெப்பாசிட்டராலும் இதை இவ்வளவு எளிதில் செய்ய முடியாது. டிஜிட்டலுக்கு மாறியதன் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

உறுமி மேளத்தில் இது நன்றாகத் தெரியும். வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது எழும் உறுமல் வூஃபருக்குப் போகிறது. மறுபக்கத்து மெல்லிய குச்சி அடியின் கூர்மை மேலே போகிறது. நேரம் பொருந்தாவிட்டால் அடி ஒரு பக்கமும் அதிர்வு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அண்ணன் வீட்டில் அப்படித்தான் நின்றது. பெட்டியில் தாமத அளவு பூஜ்யத்திலேயே கிடந்தது, யாரும் தொட்டதில்லை.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி மைக் வையுங்கள். மெனுவில் ட்வீட்டரின் முனையை (பிளஸ்-மைனஸை) தலைகீழாக்கி, பிரிக்கும் அதிர்வெண்ணில் ஒரு சீரான ஒலியை விடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அழித்து, ஒலி கிட்டத்தட்ட மறைய வேண்டும். மறையவில்லையென்றால் ஒலி மிகவும் குறையும்வரை தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பிறகு முனையைப் பழையபடி வையுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. அன்று இரவு உறுமி அடி ஒரே இடத்திலிருந்து வந்தது. அண்ணன் அந்தப் பாட்டையே நான்கு தடவை போட்டார்.

இப்போது இரைச்சல். இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் மேடைக் கச்சேரிக்காகச் செய்யப்பட்டவை. உச்ச அளவில் ஏறக்குறைய 10 வோல்ட் வெளியே தரும். வீட்டு அம்ப்ளிஃபையருக்கோ 2 வோல்ட் வந்தாலே முழு பலமும் வந்துவிடும். அதனால் பாட்டு எப்போதும் பெட்டியின் அடிமட்டத்திலேயே ஓடுகிறது; பெட்டியின் இரைச்சல் மட்டும் குறையாமல் அம்ப்ளிஃபையருக்குப் போகிறது. ட்வீட்டர் நேராக அம்ப்ளிஃபையரில் இணைந்திருப்பதால் அது அப்படியே காதில் விழுகிறது. பெட்டிக்கும் அம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சில ரெசிஸ்டர்களை வைத்தால் இரைச்சல் 14 டெசிபெல் இறங்கும். பாட்டின் அளவைப் பெட்டிக்குள் அதே அளவு ஏற்றிக்கொள்ளலாம். ஈப்போவில் வாங்கிய ரெசிஸ்டர்கள் பத்து வெள்ளியைத் தாண்டவில்லை. புதுப் பெட்டியும் அதே 10 வோல்ட்காரனாக இருந்திருந்தால், இரைச்சலும் கூடவே வந்திருக்கும்.

192 கிலோஹெர்ட்ஸ் என்பது மாதிரி வேகம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து எண்ணாக்குகிறது என்பது. இந்த விஷயத்தில் என் கருத்து உறுதியானது: அதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடுகிறது. இளங்காதின் எல்லை 20,000. இன்னொன்றும் உண்டு. மாதிரி வேகம் ஏற ஏற, 80 ஹெர்ட்ஸ் போன்ற கீழ் அதிர்வெண்ணைப் பிரிக்கும் கணக்குக்கு அதிகத் துல்லியம் தேவைப்படும்.

கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணனின் கூடம் ஐந்து மீட்டர் நீளம், கல்சுவர். 35 ஹெர்ட்ஸ் அங்கே தேங்கி நின்று அதிரும். பழைய லயத்துப் பலகைச் சுவராக இருந்தால் பாதி வெளியே போய்விடும், பக்கத்து வீட்டுக்காரர்தான் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த விலைப் பெட்டியும் சுவரை மாற்றாது. நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தியதில் கிடைத்த வித்தியாசம் பெரியது.

மின்னிணைப்பைப் பிடுங்கி, ஒரு நாள் விட்டு, பெட்டியின் மூடியையும் திறந்தோம். மின்வழங்கிப் பகுதியில் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 பாகை குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பட்டறைக் கணக்கு. மூடிய அலமாரிக்குள் அம்ப்ளிஃபையர் மேலேயே இருபது வருஷம் வெந்துகொண்டிருந்தது அது. ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றியாயிற்று; இப்போது காற்றோட்டமான தட்டில் இருக்கிறது.

நேற்று அண்ணன் மறுபடி கூப்பிட்டார். சப்வூஃபர் ஒன்று சேர்க்கவேண்டுமாம். இரண்டு பக்கமும் மூன்று வழி, ஆறு வெளியீடுகளும் நிரம்பிவிட்டன, ஏழாவதற்கு இடமில்லை. “இப்ப வாங்குங்கண்ணே,” என்றேன், “எட்டு வெளியீடு உள்ளதா பாருங்க. வெளியீட்டு வோல்ட் எவ்வளவுன்னு முதல்ல கேட்டுக்கிட்டு வாங்க.”