சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள்

போன வியாழக்கிழமை ஒரு குவாலிஸைக் கயிறு கட்டி இழுத்து வந்து என் பட்டறை வாசலில் விட்டார்கள். 2003 மாடல். பர்லியார் தாண்டி ஏற்றத்தில் போகும்போது 'டமார்' என்று ஒரு அடி, அப்புறம் ரோடெல்லாம் ஆயில். பிஸ்டனைக் கீழே சுற்றும் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு ஒடிந்து, இன்ஜினின் உடம்பான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, என் கை உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை. வண்டிக்குள் வயதான அம்மா ஒருவரையும் சேர்த்து ஏழு பேர். பின்னால் வந்த பஸ் டிரைவர் சுதாரித்து நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் எப்போதிலிருந்து வந்தது என்று ஓனரைக் கேட்டேன். "மூணு வாரமா லேசா டக்கு டக்குன்னு இருந்துச்சுங்ணா. கெட்டி ஆயில் ஊத்தச் சொன்னாங்க, ஊத்துனோம், நின்னுருச்சு. அதான் தைரியமா ஊட்டிக்குக் கிளம்புனோம்" என்றார்.

இந்த வருஷம் இதே கதையோடு வந்த நான்காவது வண்டி இது. மேட்டுப்பாளையத்தில் 22 வருஷமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். குன்னூர் ரோட்டிலும் கோத்தகிரி ரோட்டிலும் ஏறி இறங்குகிற பழைய ஜீப், காய்கறி ஏற்றும் 407, சவாரிக்குப் போகும் குவாலிஸ், சுமோ இவைதான் என்னிடம் அதிகம். சமதளத்தில் இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்கக்கூடிய கோளாறு, மலை ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் மற்ற ஊர் மெக்கானிக்குகளைவிட எனக்கு இந்தக் கோபம் கொஞ்சம் அதிகம்.

'டீசல் வண்டி என்றால் சத்தம் வரத்தானே செய்யும்' என்பார்கள். வரும். ஆனால் உங்கள் வண்டிக்கு என்று ஒரு சத்தம் இருக்கிறது, அது உங்கள் காதுக்குப் பழகியிருக்கிறது. நேற்று இல்லாத சத்தம் இன்றைக்கு இருந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது நான் இல்லை, நீங்கள்தான்.

சரி, கெட்டி ஆயிலுக்கு வருகிறேன். இதை நன்றாகவே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஆயில் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், சில சமயம் எங்கள் தொழிலில் இருப்பவர்களே கூட இதை வைத்தியம் மாதிரி சொல்லி அனுப்புகிறார்கள். கிராங்கும் ராடும் சேர்கிற இடத்தில் இருப்பது உருளுகிற குண்டு பேரிங் இல்லை. இரண்டு அரை வட்டத் தகடுகள், நாங்கள் மெட்டல் என்போம். அந்தத் தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், தலைமுடி தடிமன்கூட வராது. அந்த இடுக்கில் ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, கிராங்க் அந்த ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுற்றுகிறது. இரும்பும் தகடும் நேராகத் தொட்டுக்கொள்ளவே கூடாது. மெட்டல் தேய்ந்தால் இடைவெளி அகலமாகும், ஆயில் ஓரத்தில் வழிந்து போகும், பிரஷர் விழும், ஒவ்வொரு முறை டீசல் எரிந்து பிஸ்டனை அடிக்கும்போதும் ராடு கிராங்கைப் போய் இடிக்கும். அதுதான் அந்த டக் டக். இப்போது கெட்டியான ஆயிலை ஊற்றுகிறீர்கள். அது அந்த அகலமான சந்தில் மெத்தை மாதிரி உட்கார்ந்து இடியை வாங்கிக்கொள்கிறது, சத்தம் குறைகிறது. தேய்ந்த மெட்டல் தேய்ந்தபடியே இருக்கிறது. ஒரு இழைகூடத் திரும்பி வளரவில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினில் அந்தக் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேர முன்பைவிட அதிக நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க மெட்டல் காய்ந்து தேயும். அப்புறம் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் அரை மணி நேரம் இழுத்தால் கெட்டி ஆயிலும் சூடேறித் தண்ணீராகும், மெத்தை போய்விடும். குவாலிஸுக்கு நடந்தது இதுதான். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற சேம்பரைக் கழற்றியபோது உடைந்த ராடின் மெட்டல் இரண்டும் அப்பளமாக நசுங்கிக் கிடந்தன. பக்கத்து சிலிண்டர் மெட்டலை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் மேலே இருக்க வேண்டிய வெள்ளி நிறம் போய் உள்ளே இருக்கும் செம்பு பளபளத்தது. அந்தச் செம்பு ஒரே நாளில் தெரிந்துவிடாது.

கம்பெனி புத்தகத்தில் 15டபிள்யூ-40 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். சத்தத்தை அடக்குகிற பாட்டில் மருந்துகளும் எனக்கு இதே கணக்குதான்.

ஆயில் லைட் எரியவில்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல வண்டிகளில் அந்த சிவப்பு லைட் பிரஷர் அரை பாருக்கும் கீழே விழுந்தால்தான் எரியும். ஓடுகிற இன்ஜினுக்கு வேண்டியது அதைவிடப் பல மடங்கு. அந்த லைட்டுக்கான ஆயில் பிரஷர் ஸ்விட்சை இன்ஜினிலிருந்து கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும். பத்து நிமிஷ வேலை. செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாச் சத்தமும் மெட்டல் சத்தம் இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயந்துபோய் நேராக இன்ஜினை இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. போன மாசம் ஒரு பழைய ஜீப் வந்தது. வேறொரு இடத்தில் இன்ஜின் முழுக்கப் பிரித்து பிஸ்டன், ரிங், மெட்டல் எல்லாம் மாற்றியிருந்தார்கள், பெரிய செலவு. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிஷத்துக்குள் ஸ்டார்ட் செய்து நிறுத்தினேன், சத்தம் இல்லை. ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கிற வேக்குவம் பம்ப்புக்குப் போகும் ஆயில் குழாய் அடைத்து, உள்ளே பிளேடு எல்லாம் காய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பதே அதுதான், அது நின்றால் பிரேக் பெடலும் மிதிக்க முடியாமல் கல்லாக இறுகிவிடும். அந்த மனிதர் வாயடைத்துப்போய் நின்றதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றாதீர்கள் என்று என் பையன்களிடம் தினமும் சொல்கிறேன்.

வண்டி வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான், ராத்திரி விட்டுவிட்டுப் போங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி சூடாகக் கொண்டுவந்து நிறுத்தினால் பாதி விஷயம் வழியிலேயே தொலைந்துபோகும். பிஸ்டன் தான் ஏறி இறங்கும் குழாயில், அதாவது லைனரில், தட்டுகிற சத்தம் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்கும், சூடானதும் மறைந்துவிடும். மெட்டல் சத்தம் நேர்மாறு, சூடேறி ஆயில் இளகியதும் கூடும். மேலேயிருந்து லேசாக 'டிக் டிக்' என்று, இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் வந்தால் வால்வைத் திறக்கிற டேப்பெட், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை வைத்து சரி செய்துகொள்ளலாம். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் கோளாறு இன்ஜினில் இல்லாமலே இருக்கலாம். 'சஃப் சஃப்' என்று மூச்சு விடுகிற மாதிரி வந்தால் நாசில் அடியில் செம்பு வாஷர் லீக்.

நாசில் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். டீசலைப் பூந்தூறலாகத் தெளிக்க வேண்டிய நாசில் சொட்டாக ஊற்றினால், அந்த சிலிண்டரில் அடிக்கிற அடி மெட்டல் போன மாதிரியே கேட்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐடிலிங்கில் ஓடவிட்டு, 17-ம் நம்பர் ஸ்பேனரால் ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் ஒரு சுற்று தளர்த்தி, அந்த சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்து காது கொடுக்க வேண்டும். எதைத் தளர்த்தும்போது சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான். ஆனால் அத்தோடு நிறுத்தினால் பாதிதான், மெட்டல் போனாலும் அப்படித்தான் அடங்கும். அந்த நாசிலைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் போட்டு, புது வாஷர் வைத்து மறுபடி பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் நாசில். அதே சிலிண்டரில் இருந்தால் சேம்பரைக் கழற்றுங்கள்.

கம்ப்யூட்டர் வைத்து டீசலைத் தெளிக்கிற புது மாதிரி காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. யூட்யூப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுக்கிற தம்பிகளுக்குத்தான் சொல்கிறேன். அதில் பிரஷர் 1,000 பாருக்கு மேல் போகும், ஊசி மாதிரி வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளி, வலிகூட முதலில் இருக்காது, உள்ளே சதை அழுகிப்போகும். அப்படி ஆனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த வண்டிகளில் கோளாறு பார்க்க ஸ்கேனர் இருக்கிறது.

ஆயிலை வடிக்கும்போது அகலமான தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பேன். மாரியம்மன் கோயில் ஜிகினா மாதிரி மினுமினுத்தால் காந்தத்தை உள்ளே விடுவேன். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் மெட்டலின் பொடி. ஃபில்டரையும் கீறித் திறந்து பேப்பரை விரித்துப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் வந்துவிட்டால் பல வண்டிகளில் இன்ஜினை இறக்காமலே சேம்பரை மட்டும் கழற்றி மெட்டல் மாற்றிவிடலாம். கிராங்க் கீறல் விழுந்த பிறகு வந்தால் லேத்துக்குப் போக வேண்டும், கிராங்கைக் கிரைண்டிங் செய்து, மெலிந்த கிராங்குக்கு ஏற்ற அண்டர் சைஸ் மெட்டல் போட வேண்டும். ராடு வெளியே வந்த பிறகு வந்தால் நான் என்ன செய்ய?

தயவு செய்து என்னிடம் காட்டுவதற்காக வண்டியை ரேஸ் செய்யாதீர்கள். "இப்ப பாருங்ணா" என்று ஆக்சிலேட்டரை அழுத்துகிறீர்களே, அடி வாங்கிய மெட்டலுக்கு அதுவே கடைசி அடியாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பாதீர்கள், அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தத்தைப் போன் மைக் ஒழுங்காகப் பிடிப்பதில்லை, அதை வைத்து நான் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன். பானெட்டைத் திறந்து குனிகிறபோது துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது. வாரம் ஒரு தடவை சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்தால் மட்டும் இல்லை, கூடினாலும் பயப்படுங்கள். டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம், பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீரேதான். சிவப்பு லைட் எரிந்தால் 'அடுத்த பங்க் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம்' என்ற பேச்சே வேண்டாம், ஓரம் கட்டி உடனே அணையுங்கள்.

அந்தக் குவாலிஸ் ஓனர் நேற்று மறுபடி வந்தார். பழைய பிளாக் எங்காவது கிடைக்குமா என்று கோயம்புத்தூர் உக்கடத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறார், பிள்ளைக்குக் காலேஜ் கட்டணம் கட்ட வைத்திருந்த பணம். வண்டி என்பது அவருக்குச் சோறு. மூணு வாரத்துக்கு முன்னால் அந்த டக் டக்கோடு ஒரு தடவை வந்திருந்தால், மெட்டலை மாற்றி மறுநாள் சாயந்தரம் சாவியைக் கையில் கொடுத்திருப்பேன்.

உங்கள் வண்டியில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால் எந்த மெக்கானிக்காக இருந்தாலும் சரி, முதலில் ஒரு போன் போடுங்கள். என் ஊர்ப் பக்கம் என்றால் சாயந்தரமே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். காலையில் ஆறரை மணிக்கு நான் வந்து முதல் ஸ்டார்ட் போட்டுக்கொள்கிறேன், அதுவரைக்கும் யாரும் சாவியைத் தொட வேண்டாம்.