உந்தம்: திசையோடு வரும் சொல்

மொமெண்டம் என்பதற்குப் பாடநூல்கள் தரும் தமிழ்ச்சொல் உந்தம். வேர் 'உந்து', அதாவது தள்ளு, முன்னே செலுத்து. பேருந்து, சரக்குந்து என்கிறோமே, அந்த உந்துதான். மொமெண்டமும் அசைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். அதே வேரில் பிறந்த 'மொமென்ட்' இயற்பியலில் வேறொன்று. தமிழில் அது திருப்புத்திறன், அதாவது ஒரு விசை பொருளைத் திருப்பும் திறன். குழப்பமே இல்லை.

நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். வேகம் அல்ல, திசைவேகம். பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் திசையைக் கணக்கில் எடுக்காமல் விட்டார். அவருடைய மோதல் விதிகள் பல பிழையாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நியூட்டன் 1687இல் இதை 'இயக்கத்தின் அளவு' என்றார். உந்தம் அதைவிட நல்ல சொல் என்பேன்: தள்ளினால் ஏதாவது ஒரு பக்கமாகத்தானே தள்ள முடியும்?

திசை ஏன் முக்கியம் என்பது சமதளத்தில் நடக்கும் மோதலில் தெரியும். உராய்வில்லாத தளத்தில் 1 கிலோ வட்டு ஒன்று கிழக்கே நொடிக்கு 3 மீட்டர் போகிறது. இன்னொரு 1 கிலோ வட்டு வடக்கே 4 மீட்டர். மோதி ஒட்டிக்கொள்கின்றன. கிழக்கு உந்தம் 3, வடக்கு உந்தம் 4; இரண்டும் தனித்தனியே அப்படியே இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருப்பதால் பித்தாகரஸ் முறையில் கூட்டினால் (9 + 16 = 25) மொத்தம் 5. இப்போது நிறை 2 கிலோ, ஆகவே வேகம் 2.5.

சரி, இயக்க ஆற்றல், அதாவது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி? முன்பு 4.5 + 8 = 12.5 ஜூல். பின்பு 6.25. சரிபாதி போய்விட்டது: வெப்பமாக, ஒலியாக, நசுங்கலாக. ஆற்றலுக்குத் திசை கிடையாது. அதனால் கிழக்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று என்று அதற்குத் தனித்தனி விதி இல்லை.

இயக்க ஆற்றல் குறையாமல் மீண்டால் அது மீட்சி மோதல். இங்கே 'மீள்' என்ற வேர் பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது. நொடிக்கு 5 மீட்டரில் வரும் வட்டு, நின்றிருக்கும் அதே நிறையுள்ள வட்டை ஓரமாக இடித்தால், ஒன்று 4, மற்றது 3 எனச் செங்கோணத்தில் பிரியலாம். 16 + 9 = 25, ஆற்றலும் சரி. மீட்சியற்ற மோதல் என்றாலே ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ஒட்டினால் அது முழு மீட்சியற்ற மோதல்.

அப்புறம் ஒன்று: இலங்கைப் பாடநூல்களில் ஆற்றல் 'சக்தி', நிறை 'திணிவு'. அங்கே 'நிறை' என்றால் எடை. உந்தம் மட்டும் இரு கரையிலும் உந்தம்தான்.